மணி ஓய்ந்த பின்: எமது விடுதிகளின் மௌன வேளையும் அது வந்த வழியும்

பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டையொட்டி வெளிவரும் இம்மலரில் கட்டடங்களைப் பற்றியும், அதிபர்களைப் பற்றியும், வலைப்பந்தாட்டக் கிண்ணங்களைப் பற்றியும் பலர் எழுதியிருப்பார்கள். அவை எழுதப்பட வேண்டியவையே. அவற்றுக்குப் படங்கள் உண்டு; பரிசளிப்பு விழா அறிக்கைகள் உண்டு. நாம் எடுத்துக்கொண்ட பொருளுக்கோ படமும் இல்லை, அறிக்கைகளில் ஒரு பந்தியும் இல்லை. காலையில் பதினைந்து நிமிடம், இரவில் ஐந்து நிமிடம்: விடுதியில் மணி அடித்து ஓய்ந்த பின்னர் நாம் பேசாமல் இருந்த நேரத்தைப் பற்றியே எழுதுகின்றோம்.

எழுதும் நாம் நால்வர். எம்மில் மூத்தவர் 1950களின் பிற்பகுதியில் விடுதிக்கு வந்தவர். இளையவர் 1995ஆம் ஆண்டு இடப்பெயர்வு வரை அங்கிருந்தவர். இன்று ஒருவர் யாழ்ப்பாணத்திலும், ஒருவர் கொழும்பிலும், ஒருவர் லண்டனிலும், ஒருவர் ரொறன்ரோவிலும் இருக்கின்றோம். இம்மலருக்காகத் தொலைபேசியில் பேசிக்கொண்டபோது வேலை, பேரப்பிள்ளைகள், முழங்கால் வலி என்று எதில் தொடங்கினாலும் பேச்சு ஓரிடத்தில் வந்து நின்றது. ஜெபிக்க மனம் இருக்கின்றது, அமைதியாக இருந்து ஜெபிக்க ஒரு மூலையும் ஒரு பொழுதும் கிடைப்பதில்லை என்பதே அது. அப்படியானால் அந்தப் பதினைந்து நிமிடத்தை எமக்குத் தந்தவர்கள் யார், அவர்களுக்கு அது எங்கிருந்து கிடைத்தது என்று தேடத் தொடங்கினோம். தேடியதில் கண்டவற்றை இங்கே தருகின்றோம்.

அன்னாளின் உதடுகள்

வேதாகமத்தில் சத்தமில்லாத ஜெபத்தைப் பற்றி வரும் தெளிவான காட்சிகளுள் ஒன்று ஒரு பெண்ணினுடையது. சாமுவேலின் முதலாம் புத்தகத்தின் முதலாம் அதிகாரத்தில், பிள்ளையில்லாத அன்னாள் சீலோவிலுள்ள ஆலயத்துக்கு வருகிறாள். அவளுடைய உதடுகள் அசைகின்றன, சத்தம் கேட்கவில்லை. ஆசாரியனான ஏலி அவள் குடித்திருக்கிறாள் என்று எண்ணி அதட்டுகிறான். ஜெபம் என்றால் மற்றவர்கள் கேட்கச் சொல்லுவது என்பதே அவன் பழக்கத்தில் இருந்தது போலும். அவளோ பணிவாகவும் தெளிவாகவும் தன் நிலையை எடுத்துச் சொல்லுகிறாள். அவனும் அவளை ஆசீர்வதித்து அனுப்புகிறான். மற்றொரு மனைவியின் ஏளனமும், கணவனின் ஆறுதல் வார்த்தைகளும், பண்டிகைச் சாப்பாட்டின் ஆரவாரமும் சூழ்ந்திருந்த வீட்டிலிருந்து எழுந்து வந்தவள் அவள். அமைதியான வாழ்க்கையுள்ள ஒருத்தியின் கதையல்ல அது.

எலியா தீர்க்கதரிசி ஓரேப் மலையில் காற்றிலும் பூமியதிர்ச்சியிலும் அக்கினியிலும் காணாத தேவனை அவற்றின் பின் வந்த மெல்லிய ஒலியிலே அறிந்தார். நமது ஆண்டவரோ கப்பர்நகூமில் ஊர் முழுவதும் வாசலில் கூடிய ஒரு மாலைப்பொழுதுக்கு அடுத்த நாள், இருட்டோடே எழுந்து வனாந்தரமான ஓரிடத்துக்குப் போய் ஜெபித்தார் என்று மாற்கு எழுதுகிறார். சீஷர்கள் அங்கேயும் தேடிக்கொண்டு வந்துவிட்டார்கள். ஞாயிறு பள்ளியில் இப்பகுதியைப் படித்தபோது எமக்குத் தோன்றாத ஒன்று இப்போது தோன்றுகிறது: ஆண்டவருக்கும் அந்த அமைதி முழுதாகக் கிடைக்கவில்லை, இடையில் ஆள் வந்துவிட்டது. அதற்காக அவர் மறுபடியும் தனித்துப் போவதை நிறுத்தவில்லை. அவர் வனாந்தரங்களில் தனித்துப்போய் ஜெபித்துவந்ததை லூக்காவும் குறிப்பிடுகிறார்.

வனத்திலிருந்து மடத்துக்கு

யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கர் மட்டுமல்லாது எல்லோருமே அறிந்த வனத்து அந்தோனியார் எகிப்து நாட்டவர். மூன்றாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தம் நிலபுலன்களை விட்டு வனாந்தரத்துக்குப் போனவர். 356ஆம் ஆண்டில், நூறு வயதைக் கடந்த நிலையில் இறந்தார் என்பது மரபு. அவரைப் பின்பற்றி ஆயிரக்கணக்கானோர் பாலைவனம் நாடினார்கள். அவர்களுள் பெண்களும் இருந்தார்கள். அவர்களை 'அம்மா' என்றே அழைத்தார்கள். அலெக்சாந்திரியா நகரைச் சேர்ந்த அம்மா சிங்கிளெற்றிக்கா என்பவர், மலையில் வாழ்ந்துகொண்டே மனத்தால் சந்தையில் இருப்பவர்கள் உண்டு, கூட்டத்தின் நடுவே இருந்துகொண்டே மனத்தால் தனித்திருப்பதும் முடியும் என்ற கருத்தைச் சொல்லிச் சென்றார். உலகை விட்டு ஒதுங்கி வாழ்ந்த ஒருவரே இதைச் சொன்னார் என்பதுதான் அதன் சிறப்பு.

ஆறாம் நூற்றாண்டில் இத்தாலியில் புனித ஆசீர்வாதப்பர் தம் மடத்துக்கு எழுதிய ஒழுங்கு, மௌனத்தை மணிக்கணக்கோடு இணைத்தது. நாளுக்கு ஏழு தடவையும் இரவில் ஒரு தடவையும் ஜெபம். நடுவில் வயல் வேலை, சமையல், வாசிப்பு. இரவு ஜெபம் முடிந்தபின் எவரும் பேசக்கூடாது. ஆனால் அந்தக் கண்டிப்பான ஒழுங்கிலேயே ஒரு விலக்கும் எழுதப்பட்டிருக்கிறது: விருந்தினர் வந்தால் அவர்கள் தேவைக்காகப் பேசலாம். வாசலில் நிற்பவரை விட மௌனம் பெரிதல்ல என்று மௌனத்தின் ஆசிரியரே வகுத்துவைத்தார். வீட்டில் நோயாளியையோ கைக்குழந்தையையோ வைத்துக்கொண்டு ஜெபிக்கத் தவிக்கும் எம்மவர்கள் இதை அறிந்திருப்பது நல்லது.

மடங்களின் மணி மெல்ல மெல்ல ஊருக்கும் உரியதாயிற்று. காலையும் நண்பகலும் மாலையும் கோவில் மணி அடிக்க, நின்ற இடத்தில் நின்று மூவேளைச் செபம் சொல்லும் வழக்கம் எமது கரையோரக் கத்தோலிக்க ஊர்களிலும் வேரூன்றியது. வலை பொத்துபவரும் மீன் கூடையோடு நடப்பவரும் ஒரு நிமிடம் நிற்பார்கள். வேலையை விட்டுப் போவதற்கு அவர்களுக்கு வழியில்லை. மணி அவர்களிருந்த இடத்துக்கே வந்தது.

அடுப்படியில் இருந்தவர்கள்

அடுப்படியையே ஜெப அறையாக்கியவர் என்று கிறிஸ்தவ உலகம் அறிந்தவர் ஓர் ஆண். சகோதரர் லோறன்ஸ் போரிலே காயம்பட்ட ஒரு போர்வீரர். பின்னர் பாரிஸ் நகரிலுள்ள கார்மேல் மடத்தில் பணிவிடைச் சகோதரராகச் சேர்ந்தார். நெடுங்காலம் சமையலறையிலும், பிற்பாடு செருப்புத் தைக்கும் இடத்திலும் வேலை செய்து, 1691இல் இறந்தார். சட்டிபானைச் சத்தத்தின் நடுவிலும் நற்கருணைச் சந்நிதியிலும் தமக்கு ஒரே அமைதிதான் என்று அவர் சொன்னதை மற்றவர்கள் எழுதிவைத்தார்கள். அவருக்கு நூறு ஆண்டுக்கு முன்னரே, ஸ்பெயின் நாட்டில் பதினேழு மடங்களை நிறுவ ஓடித்திரிந்த அவிலா நகர்ப் புனித தெரேசாவும் தம் கன்னியர்க்கு அதே போதனையைச் செய்திருந்தார்: கீழ்ப்படிதல் சமையலறைக்கு அனுப்பினால் ஆண்டவர் அங்கேயும் பாத்திரங்களுக்கிடையே நடமாடுவார் என்று.

ஆனால் எமக்கு இவர்களை விட நெருக்கமானவர் இங்கிலாந்தில் எப்வேர்த் என்னும் ஊரில் வாழ்ந்த சுசன்னா வெஸ்லி. 1669இல் பிறந்த இவர் பத்தொன்பது பிள்ளைகளைப் பெற்றார். வளர்ந்து ஆளானவர்கள் பத்துப் பேரே. கணவர் குருவானவர், கடனுக்காகச் சிறை சென்றவர். வீடு தீப்பற்றி எரிந்தது. அந்த வீட்டுக்குள்ளேயே பிள்ளைகளுக்குப் பாடசாலை நடத்தினார் சுசன்னா. ஜெபத்துக்குத் தனி அறை ஏது? தம் மேலாடையைத் தலைக்கு மேல் போர்த்துக்கொண்டு இருப்பாராம். அம்மா அப்படியிருந்தால் கிட்டப் போகக்கூடாது என்று பிள்ளைகளுக்குத் தெரியுமாம். இது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. அவர் மகன்மாரான ஜோன் வெஸ்லியும் சாள்ஸ் வெஸ்லியும் தொடங்கிய மெதடிஸ்த இயக்கத்தின் மிஷனரிமார் 1814இல் இலங்கைக்கு வந்தார்கள், யாழ்ப்பாணத்துக்கும் வந்தார்கள். வேம்படியின் வரலாறு அந்த வழியிலே வருவது. எப்வேர்த்து வீட்டின் மேலாடைக்கும் யாழ்ப்பாணத்துப் பிள்ளையின் பாடப்புத்தகத்துக்கும் நேரான உறவு உண்டு என்று நாம் சொல்லுவதில் பிழையில்லை.

நியூ இங்கிலாந்திலிருந்து உடுவிலுக்கு

1816இல் யாழ்ப்பாணத்தில் பணி தொடங்கிய அமெரிக்க மிஷன், 1824இல் உடுவிலில் பெண்பிள்ளைகளுக்கென ஒரு விடுதிப் பாடசாலையை அமைத்தது. அதைத் தொடங்கியவர் ஹரியற் வின்சிலோ. கனெற்றிக்கற் மாநிலத்தின் நோர்விச் நகரில் 1796இல் பிறந்தவர். 1833இல், முப்பத்தாறு வயதில், இங்கேயே காலமானார். அவருக்குப் பின் ஸ்போல்டிங் தம்பதியினரும், 1840இல் வந்து சேர்ந்த இலைசா அக்னியூ அம்மையாரும் அப்பாடசாலையை நடத்தினார்கள். அக்னியூ அம்மையார் ஏறக்குறைய நாற்பது ஆண்டு அதிபராயிருந்தார். வந்த நாள் முதல் 1883இல் கண்மூடும் வரை ஒரு தடவையேனும் தாய்நாட்டுக்குத் திரும்பிப் போகவில்லை. 'ஆயிரம் பெண்மக்களின் தாய்' என்று அவரை அழைப்பார்கள். திருமணமாகாதவர், பிள்ளைபெறாதவர், பெயரோ அப்படி.

இவர்களெல்லாம் வளர்ந்த அமெரிக்கச் சூழலில் தனித்த ஜெபம் என்பது நாளொழுங்கின் ஓர் அங்கம். ஹரியற் வின்சிலோவை விட ஒரு வயது இளையவரான மேரி லயன் 1837இல் மசச்சூசெற்ஸ் மாநிலத்தில் நிறுவிய மவுண்ட் ஹோலியோக் பெண்கள் கல்விநிலையத்தில், காலையும் மாலையும் அரைமணி நேரம் ஒவ்வொரு மாணவிக்கும் தனிமை ஒதுக்கப்பட்டது. ஓர் அறையில் இருவர் இருந்தால், ஒருத்தி வெளியே போய் மற்றவளுக்கு இடம் விடவேண்டும். வீட்டுவேலைகளையும் மாணவிகளே பகிர்ந்து செய்த இடம் அது. ஓய்வாக இருந்தவர்களின் பழக்கமல்ல. உடுவிலின் நாளொழுங்கு இதைப் பார்த்து எழுதப்பட்டது என்று நாம் சொல்லவரவில்லை. உடுவில் காலத்தால் முந்தியது. இரண்டும் ஒரே ஊற்றிலிருந்து வந்த நீர் என்பதே எமது கருத்து.

மற்ற ஊற்றுகளும் உண்டு. 1862இல் யாழ்ப்பாணம் வந்த திருக்குடும்பக் கன்னியர் பிரான்சு நாட்டு மடங்களின் மௌன நேரத்தைக் கொண்டுவந்தார்கள். 1896இல் சுண்டிக்குளியில் பெண்கள் கல்லூரியை ஆரம்பித்த சேர்ச் மிஷன் சங்கத்தார் ஆங்கிலிக்கன் திருச்சபையின் காலை மாலை ஆராதனை ஒழுங்கைக் கொண்டுவந்தார்கள். 1880களில் கேம்பிறிட்ஜ் மாணவர்களிடையே பரவிய 'காலை விழிப்பு' என்னும் வழக்கமும், 1879இல் ஸ்கிரிப்சர் யூனியன் தொடங்கிய தினசரி வேதவாசிப்பு அட்டையும் மிஷனரிமாரின் பெட்டிகளோடு உலகின் பல விடுதிகளுக்கும் போய்ச் சேர்ந்தன. நாம் 'குவயற் ரைம்' என்று சொல்லிப் பழகிய பெயர் இந்த வழியில் வந்ததே.

எமது மண்ணில் இருந்த மௌனம்

வெள்ளைக்காரர் வந்துதான் மௌனத்தைக் கற்பித்தார்கள் என்று யாரும் எண்ணவேண்டாம். சும்மா இருத்தலைப் பெரும் பேறாகப் பாடிய தாயுமானவரை எமது அயல்வீடுகளில் நாளும் ஓதினார்கள். நல்லூர்த் தேரடியிலும் கொழும்புத்துறைக் கொட்டிலிலும் இருந்த யோகர் சுவாமிகளிடம் போய்ப் பேசாமல் இருந்துவிட்டு வந்தவர்கள் எமது சகபாடிகளின் பாட்டன்மார்.

கிறிஸ்தவர்களும் இதைக் கவனித்தார்கள். 1921இல் தமிழ்நாட்டின் திருப்பத்தூரில் வைத்தியர்களான சவரிராயன் இயேசுதாசனும் ஏணஸ்ற் பேற்றனும் கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கினார்கள். திராவிடக் கட்டடப் பாணியில் அமைந்த ஆலயத்தில், தரையில் சம்மணமிட்டு அமர்ந்து தியானித்தார்கள். அந்த ஆசிரம மரபு யாழ்ப்பாணத்துக்கும் வந்தது: 1939இல் மருதனார்மடத்தில் கிறிஸ்து சேவா ஆசிரமம் எழுந்தது. வாங்கிலே இருந்து மேல்நாட்டு இராகத்தில் பாடிப் பழகிய எமது சபையார் பாயில் இருந்து மௌனமாயிருக்கப் பழகிய இடம் அது.

கத்தோலிக்கர் மத்தியில் தோமஸ் அடிகளார் 1928இல் தோலகட்டியில் செபமாலைத் தாசர் சபையை நிறுவினார். மௌனமும் உபவாசமும் இடையறாத செபமும் அவர்களின் வாழ்வு. அவர்கள் தோட்டத்துத் திராட்சை ரசத்தையும் நெல்லிக்கிறஷையும் யாழ்ப்பாணம் முழுவதும் அறியும். அவற்றைச் செய்த கைகள் பேசாமல் வேலை செய்த கைகள் என்பதைப் போத்தலை வாங்கியவர்களில் எத்தனை பேர் எண்ணினார்களோ!

விடுதியில் நாம் கண்டது

இனி எமது அனுபவம். ஐந்து மணிக்கு எழுப்பும் மணி; கிணற்றடியில் வரிசை; தலைபின்னல்; படுக்கை மடித்தல். அதன்பின் மற்றொரு மணி, மெதுவாக, மூன்று தட்டு. அது அடித்தால் நின்ற இடத்தில் பேச்சு அறும். விறாந்தைப் படியிலும், மாமரத்தின் கீழும், சிற்றாலயத்தின் பின்வாங்கிலும் ஆளுக்கொரு இடம் பிடிப்போம். வேதாகமம் மடியில். மேற்றன் மேலும் கீழும் நடப்பார், ஒன்றும் சொல்லமாட்டார்.

அந்நேரத்தில் எல்லோரும் ஜெபித்தோம் என்று சொன்னால் எமது வகுப்பினரே சிரிப்பார்கள். நித்திரை தூங்கினோம். வீட்டை நினைத்து அழுதோம். கணக்குச் சோதனையை நினைத்து நடுங்கினோம். சைவப் பிள்ளைகளும் அந்தப் பதினைந்து நிமிடமும் எம்மோடிருந்தார்கள். எவள் எதை நினைத்தாள் என்று எவரும் கேட்டதில்லை. அந்தக் கேளாமையே பெரிய கொடை என்பதைப் பல ஆண்டு கழித்தே உணர்ந்தோம்.

இதை ஏன் கொடை என்கின்றோம்? எமது தாய்மாரின் நாளை எண்ணிப் பாருங்கள். விடியுமுன் முற்றம் கூட்டி, அடுப்பு மூட்டி, மாடு பார்த்து, எல்லோரும் உண்டபின் உண்டு, கடைசியாகப் படுப்பார்கள். ஒரு பெண்பிள்ளை பத்து நிமிடம் சும்மா இருந்தால் "என்ன பிள்ளை செய்யிறாய்?" என்று ஒரு குரல் வரும். கூட்டுக்குடும்ப வீட்டில் அவளுக்கென்று கதவு கிடையாது. அப்படிப்பட்ட வீடுகளிலிருந்து வந்த பிள்ளைகளுக்கு, எவரும் ஏவாத, எவரும் கேள்வி கேட்காத, முழுதும் அவளுக்கே உரிய நேரம் என்று வாழ்வில் முதன்முதலாகக் கிடைத்தது அந்த மௌன வேளையே. உன் அறைக்குள் போய்க் கதவைப் பூட்டி ஜெபி என்ற ஆண்டவரின் போதனை, அறையும் பூட்டும் இல்லாதவர்களுக்கு ஒரு மணியோசையாக வந்தது.

ஆயினும் ஒன்றை மறைக்கக்கூடாது. மௌனம் எப்போதும் கொடையாக இருக்கவில்லை. பெண்பிள்ளை வாய் காட்டக்கூடாது, சபையில் பேசக்கூடாது, சிரித்தால் பல் தெரியக்கூடாது என்ற மௌனமும் அதே விடுதிகளில், அதே வீடுகளில், அதே கோவில்களில் இருந்தது. பேசவிடாமல் அடக்குவது வேறு. பேச உரிமையுள்ளவள் தானாகப் பேசாதிருப்பது வேறு. அன்னாள் மௌனமாக ஜெபித்தாள். தன்னைத் தவறாக எண்ணிய ஆசாரியனுக்கு வாய் திறந்து பதிலும் சொன்னாள். அவளிடம் இரண்டும் இருந்தன. எமது பாடசாலைகள் தம் பிள்ளைகளுக்கு விவாத மேடையையும் மௌன வேளையையும் ஒருசேரத் தந்தபோதுதான் தம் பணியைச் சரிவரச் செய்தன என்பது எமது எண்ணம்.

1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களின்படி உதவிபெறும் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றபோது, வேம்படி போன்றவை அரச பாடசாலைகளாயின. உடுவிலும் சுண்டிக்குளியும் கட்டணம் அறவிடாத தனியார் பாடசாலைகளாக நின்றன. அப்படி நின்றவை பணத்துக்கு மிகவும் சிரமப்பட்டன. ஆசிரியர் சம்பளத்துக்காகப் பழைய மாணவிகள் தேநீர் விருந்தும் சந்தையும் நடத்திய அந்நாட்களில், ஓடியோடி உழைத்த அதிபர்மாரும் மணி அடித்தால் கதிரையில் வந்து இருந்தார்கள். வேலை குறைவாயிருந்தபடியால் அமைதியாயிருந்தார்கள் என்று எவரும் சொல்லமுடியாது.

சத்தம் மிகுந்த ஆண்டுகள்

1990இல் குடாநாட்டின் மின்சாரம் நின்றது. ஜாம் போத்தலில் திரியிட்டு, பஞ்சில் ஊறிய சொட்டு மண்ணெண்ணெயில் படித்தோம். வானொலியைச் சைக்கிள் டைனமோவால் இயக்கினோம். வாகன ஓசை குறைந்து, இரவு முழு மௌனமாயிற்று. ஆனால் அது செவி கூர்ந்த மௌனம். வானூர்தி இரைச்சல் வருகிறதா என்று கேட்டுக்கொண்டிருந்த மௌனம். அதில் ஜெபித்தவர்களுக்கு அதன் கனம் தெரியும். பதுங்குகுழிக்குள் சத்தம் போட்டு ஜெபித்த தாய்மாரும் இருந்தார்கள்; வாயே திறக்காமல் பிள்ளையை அணைத்தபடி இருந்தவர்களும் இருந்தார்கள். இரண்டும் ஜெபமே.

1995 ஜூலை 9ஆம் திகதி நவாலி சென் பீற்றர்ஸ் ஆலயத்தில் தஞ்சம் புகுந்திருந்தவர்கள் மீது குண்டுகள் விழுந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவ்வாண்டு ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் தென்மராட்சி நோக்கி நடந்தது. மழையில், ஓர் அடி வைக்க நெடுநேரம் நின்ற அந்தக் கூட்டத்தில் எம்மில் ஒருவரும் இருந்தார். தனிமை என்பது அணுவளவும் இல்லாத அந்தப் பாதையில், விடுதியில் பழகிய வசனம் ஒன்றை மூச்சோடு சேர்த்து மனத்துக்குள் சொல்லிக்கொண்டே நாவற்குழிப் பாலத்தைக் கடந்ததாக அவர் எமக்குச் சொன்னார். அம்மா சிங்கிளெற்றிக்காவின் பெயரை அவர் அப்போது கேள்விப்பட்டிருக்கவில்லை.

2019 உயிர்த்த ஞாயிறன்று கொழும்பு கொச்சிக்கடையிலும் கட்டுவப்பிட்டியிலும் மட்டக்களப்பு சீயோன் ஆலயத்திலும் ஜெபித்துக்கொண்டிருந்தவர்கள் கொல்லப்பட்டார்கள். இரண்டு நாள் கழித்து, ஏப்ரல் 23 காலை எட்டரை மணிக்கு, நாடு முழுவதும் மூன்று நிமிடம் மௌனமாய் நின்றது. சொல் தீர்ந்த இடத்தில் மனிதருக்கு மிஞ்சுவது அதுதான் என்பதைச் சமய வேறுபாடின்றி எல்லோரும் அறிந்துகொண்ட நாள் அது.

இன்றைய நாளில்

சமாதான காலத்துச் சத்தம் வேறு வகையானது. ரொறன்ரோவிலிருப்பவர் விடியுமுன் பனி தள்ளி வேலைக்குப் போகிறார். லண்டனிலிருப்பவர் முதியோர் இல்லத்தில் இரவுவேலை செய்கிறார். கொழும்பிலிருப்பவருக்கு இரண்டு மணி நேரம் பஸ்ஸில் போகிறது. யாழ்ப்பாணத்திலிருப்பவர் பேரப்பிள்ளைகளை ரியூசனுக்கு ஏற்றி இறக்குகிறார். அங்கே ஒலிபெருக்கி இல்லாத ஒரு நாளைக் காண்பதும் அரிது. எல்லோர் கையிலும் தொலைபேசி. எமது பழைய மாணவிகள் வட்ஸ்அப் குழுவில் காலை ஐந்து மணிக்கே வேதவசனப் படங்கள் வரிசையாக வந்து விழுகின்றன. அனுப்புகிறவர்களின் அன்பை அறிவோம். ஆனால் வசனத்தை அனுப்புவதும் வசனத்தோடு இருப்பதும் ஒன்றல்ல.

இந்த நீண்ட வரலாறு எமக்குக் காட்டுவது என்ன? நால்வரும் பேசி நான்கு காரியங்களில் உடன்பட்டோம்.

முதலாவது, அமைதி கிடைத்தபின் ஜெபிக்கலாம் என்று காத்திருந்தவர்கள் இவ்வரலாற்றில் இல்லை. சுசன்னா வெஸ்லியின் வீடு அமைதியானதும் இல்லை, தெரேசாவின் பயணங்கள் குறைந்ததும் இல்லை. இரைச்சலின் நடுவிலே ஓர் எல்லைக்கோடு போட்டார்கள், அவ்வளவே.

இரண்டாவது, எல்லைக்கோடு என்பது கண்ணுக்குத் தெரிய வேண்டும். மணி, மேலாடை, விறாந்தைப் படி, பாய் ஆகியவை அப்படிப்பட்டவை. லண்டனிலிருப்பவர் வேலை முடிந்து காரில் ஏறியதும் சாவியைத் திருப்புமுன் பத்து நிமிடம் அப்படியே இருப்பதாகச் சொல்லுகிறார். தொலைபேசி கைப்பைக்குள், கைப்பை பின் ஆசனத்தில். அந்தக் கார்தான் அவருடைய அறை, கதவையும் பூட்டலாம்.

மூன்றாவது, வீட்டார் அறிந்திருக்க வேண்டும். சுசன்னாவின் பிள்ளைகளுக்கு அது தெரிந்திருந்தது. மவுண்ட் ஹோலியோக்கில் ஒருத்தி வெளியே போனபடியால்தான் மற்றவளுக்கு அறை கிடைத்தது. ஒரு பெண்ணின் மௌனத்துக்கு வேறொருவர் தேநீர் ஊற்றவேண்டியிருக்கிறது. பிள்ளையைச் சிறிது தூக்கி வைத்திருக்கவேண்டியிருக்கிறது. ஆண்டவரின் பாதத்தருகே மரியாள் இருந்தபோது மார்த்தாள் தனியே வேலை செய்தாள் என்பதையே பிரசங்கிகள் எடுத்துப் பேசுவார்கள். பெத்தானியா வீட்டில் லாசரு என்ற சகோதரனும் இருந்தானே என்று எம்மில் மூத்தவர் கேட்டார். நியாயமான கேள்வி. இக்கட்டுரையை வாசிக்கும் கணவன்மாரும் மகன்மாரும் சற்றுச் சிந்திப்பார்களாக.

நான்காவது, தனியே முடியாததைக் கூடிச் செய்யலாம். நாம் பதினைந்து நிமிடம் பேசாதிருந்தது எமது பலத்தால் அல்ல. பக்கத்தில் நூறு பிள்ளைகள் பேசாதிருந்தபடியால். 1927 முதல் உலகெங்கும் கிறிஸ்தவப் பெண்கள் உலக ஜெப தினத்தை அனுசரித்து வருகிறார்கள்; இப்போது அது மார்ச் மாதத்து முதல் வெள்ளிக்கிழமையில் நடைபெறுகிறது. நேர வலயம் மாற மாற, ஒரு தீவிலிருந்து மற்றத் தேசத்துக்கு அந்த ஜெபம் நாள் முழுவதும் நகர்ந்து போகிறது. உலகெங்கும் சிதறியிருக்கும் எமது சங்கத்துக்கு இதைவிடப் பொருத்தமான மாதிரி வேறில்லை.

ஆகவே சங்கத்தின் முன் ஒரு சிறு வேண்டுகோளை வைக்கின்றோம். எமது பொதுக்கூட்டங்கள் மறைந்தவர்களுக்காக ஒரு நிமிட மௌனத்தோடு தொடங்குகின்றன. அந்த ஒரு நிமிடத்தை இந்த நூற்றாண்டு விழா ஆண்டிலிருந்து ஐந்து நிமிடமாக்குவோம். கிறிஸ்தவர் தம் ஜெபத்தைச் செய்யட்டும்; சைவ சகோதரிகள் அன்று போலவே தம் வழியில் இருக்கட்டும்; ஒருவர் மற்றவரைக் கேட்கவேண்டாம். நிகழ்ச்சி நிரல் நீண்டுவிடும் என்று செயலாளர் கவலைப்படலாம். உரைகளில் ஒன்றைச் சுருக்கினால் போதும்.

இன்னொன்றும் உண்டு. விடுதியின் பழைய கைமணி எந்த அலுமாரியில் இருக்கிறது என்று அறிந்தவர்கள் சங்கச் செயலாளருக்குத் தெரிவிப்பார்களா? கண்டெடுத்தால், இப்போது விடுதியிலிருக்கும் பிள்ளைகளின் கையில் அதைக் கொடுத்து, அது எதற்காக அடிக்கப்பட்டது என்பதையும் சொல்லிக்கொடுக்க விரும்புகின்றோம்.